மீந்த சவர்டோ ஸ்டார்ட்டரில் கிளிமூக்கு மாங்காய் பஃப்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமைதான் பஃப்ஸ் நினைத்தபடி வந்தது. 87 கிராம் எடையில் உள்ளே போன பஃப் 74 கிராமில் வெளியே வந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் நான்கை நெருங்கியிருந்தது. உடைத்தால் ஏடு ஏடாகப் பிரிந்தது, அடிப்பக்கம் ஈரமே இல்லாமல் நன்றாகச் சிவந்திருந்தது. அதற்கு முன்னால் வந்தவற்றைப் பஃப்ஸ் என்று சொல்ல முடியாது. சில ரொட்டி, சில பிஸ்கட், சிலவற்றுக்குப் பெயரே கிடையாது. அளவுகள் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில் இந்த ஸ்டார்ட்டர் விவகாரம். மாவையும் தண்ணீரையும் கலந்து தானாகவே புளிக்கவிட்டு, ரொட்டி உப்புவதற்காக வளர்க்கும் மாவுதான் சவர்டோ ஸ்டார்ட்டர். சேலத்தில் மே மாதம் என் சமையலறை காலை ஏழு மணிக்கே 31 டிகிரி, மதியம் 35. சவர்டோ ஸ்டார்ட்டருக்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. மாவும் தண்ணீரும் ஊட்டிய மூன்று நான்கு மணி நேரத்தில் பொங்கி, உடனே இறங்கி, மறுபடி பசி என்று நிற்கும். ஊட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்து ஒதுக்கவில்லை என்றால் அது பானை அளவுக்குப் பெருகிவிடும். அந்த ஒதுக்கிய மாவை நான் கொட்டுவதில்லை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். அதைத் தோசையில் கலந்தேன், சப்பாத்தியில் பிசைந்தேன், வெங்காயம் நறுக்கிப் போட்டு அடையாகவும் ஊற்றினேன். வீட்டில் ஒரு கட்டத்தில் "இன்னைக்கும் அந்தப் பாட்டில் மாவா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே நேரம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கிளிமூக்கு மாங்காய் வந்து குவிந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று தோன்றியது.

ஆரம்பத்தில் நான் போன வழி இது. ஸ்டார்ட்டரில் ஈஸ்ட் இருக்கிறது, ஆகவே மாவு உப்பும், அப்படி எழும்பினால் பஃப் லேசாக வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஊட்டி ஊட்டித் துடிப்பாக்கிய ஸ்டார்ட்டரை மைதா, வெண்ணெய், சர்க்கரையோடு பிசைந்து ராத்திரி முழுக்க மேடையிலேயே மூடி வைத்தேன். காலையில் மாவு வழிந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, மூக்கைத் துளைக்கும் புளிப்பு. எப்படியோ உருட்டி, பழத்தை வைத்து மூடிச் சுட்டபோது வந்தது ஜாம் பன். அதுவும் கனமான பன். தேநீரில் தொட்டால் சாப்பிடலாம்.

பஃப்ஸ் உப்புவதற்கு ஈஸ்ட் தேவையே இல்லை என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது. கடைகளில் முட்டை பஃப்ஸுக்குப் பொதுவாக ஈஸ்ட் போடுவதில்லை. மாவு ஓர் ஏடு, கொழுப்பு ஓர் ஏடு என்று மாறி மாறி அடுக்கியிருப்பதால் சூட்டில் தண்ணீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்குகிறது, அவ்வளவுதான். வெண்ணெயிலேயே ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அந்த ஏடுகள் அடுப்புக்குள் போகும்வரை தனித்தனியாக இருக்க வேண்டும், வெண்ணெய் உருகி மாவுக்குள் கலந்துவிடக் கூடாது. பொங்கி முடித்துத் துவண்டு கிடக்கும் பழைய ஸ்டார்ட்டர் இதற்குப் போதும். அதன் வேலை வேறு: அதில் ஏறியிருக்கும் புளிப்பு மாவின் இழுவையைக் கொஞ்சம் தளர்த்துகிறது, சுட்டபின் ஏடு கடிக்கக் கடினமாக இல்லாமல் நொறுங்குகிறது, மாம்பழத்தின் இனிப்புக்குக் கீழே ஒரு மெல்லிய தயிர்ப் புளிப்பும் கிடைக்கிறது. லேசாக வருவதற்கு ஸ்டார்ட்டரிடம் கை நீட்டிப் பயனில்லை, குளிர்ச்சியிடம்தான் நீட்ட வேண்டும்.

ஆனால் மே மாதச் சேலத்தில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? எங்கள் தெருமுனை பேக்கரியில் மாவு போடும் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, வெண்ணெய் போட்டு பஃப்ஸ் அடிச்சா மாவு கிழிஞ்சு வழியுது, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" அவர் சிரித்துவிட்டார். "நாங்க எங்கம்மா வெண்ணெய் போடுறோம், பஃப்ஸுக்குன்னே மார்ஜரின் வருது, அது இந்த வெயிலுக்கு அசையாது. வெண்ணெய்தான் போடுவேன்னா விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரி, இல்லைன்னா ஏற்காட்டுக்குப் போ." மார்ஜரின் என்பது தாவர எண்ணெயிலிருந்து செய்யும், வெண்ணெய் மாதிரியான கொழுப்பு. பஃப்ஸுக்கான அந்த வகை உருகுவதற்கு அதிகச் சூடு வேண்டும், அதனால்தான் கடைப் பஃப்ஸ் சாப்பிட்டபின் மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம் தங்குகிறது. எனக்கு அது வேண்டாம். ஏற்காடும் கட்டுப்படியாகாது. எனவே விடியக்காலம் நாலு மணி. அந்த நேரத்தில் சமையலறை 28 டிகிரி இருக்கும், அதுவே பெரிய உதவி.

வெண்ணெயில் நான் செய்த சோதனைகளைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கடைந்த வெண்ணெய் வேலைக்கு ஆகாது. எவ்வளவு பிழிந்தாலும் அதில் தண்ணீர் நிற்கும், மாவு ஒரே இடத்தில் நனைந்து ஒட்டும். கடையில் விற்கும் உப்பில்லா வெண்ணெய்தான் சரி, உப்புப் போட்டது மட்டும்தான் கிடைத்தது என்றால் மாவில் தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது. உறைந்த வெண்ணெயைத் துருவிப் போடுவது நல்ல யோசனை என்று நினைத்துச் செய்து பார்த்தேன். கேரட் துருவியில் பாதி துருவுவதற்குள் மீதிப் பாதி கைச்சூட்டில் வழுக்க ஆரம்பித்துவிட்டது. விரலால் தட்டையாக்குவதும் அதே கதிதான்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு ஜிப் பை. 150 கிராம் வெண்ணெயை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 200 கிராம் மைதா, 4 கிராம் உப்பு, 10 கிராம் சர்க்கரையோடு பெரிய ஜிப் பையில் போட்டுக் குலுக்கி, அப்படியே ஃப்ரீசரில் 20 நிமிடம். எடுத்து, பையின் மேலேயே சப்பாத்திக் கட்டையை வைத்து அழுத்தி உருட்டினால் ஒவ்வொரு துண்டும் மாவுக்குள்ளேயே மெல்லிய தகடாகிவிடும். கை வெண்ணெயைத் தொடவே தொடாது. தகடு நாணயத்தைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது, அதே சமயம் பொடியாகியும் போகக் கூடாது. பொடித்தால் பிஸ்கட்தான் வரும்.

இதை ஒரு குளிர்ந்த பேசினில் கொட்டி, ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பழைய ஸ்டார்ட்டர் 120 கிராம், ஐஸ் தண்ணீர் 25 கிராம். என் ஸ்டார்ட்டர் சரிபாதி மாவு, சரிபாதி தண்ணீர். ஆகவே அந்த 120 கிராமில் 60 மாவு, 60 தண்ணீர். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள், 10 கிராம் கூடினாலே உருட்டும்போது தெரியும். முள்கரண்டியால் கிளறி, பேசினில் உலர்ந்த பொடி தங்காத அளவுக்கு மட்டும் சேர்த்தால் போதும். உருண்டையாக, வழவழப்பாக ஆகும்வரை பிசைய வேண்டும் என்று கை துடிக்கும், பரோட்டா மாவு பிசைந்து பழகிய கை அப்படித்தான். இங்கே அது கூடாது. உதிரி உதிரியாக, அங்கங்கே வெண்ணெய்த் தகடு வெளியே தெரிய, பார்க்க அசிங்கமாக இருக்கும் மாவுதான் சரியான மாவு. ஒரு பாலிதீன் உறையில் செவ்வகமாக அழுத்திச் சுற்றி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

ஸ்டார்ட்டர் எவ்வளவு பழையது என்பது முக்கியம். மூன்று வாரமாகக் கவனிக்காமல் கிடந்த, மேலே கறுப்பாகத் தண்ணீர் பிரிந்து நின்ற பாட்டிலை ஒரு தடவை அப்படியே ஊற்றினேன். மாவு உருட்ட உருட்ட விரிசல் விட்டது, மடித்தால் ஓரம் ஓரமாகப் பிய்ந்தது. அவ்வளவு நாள் புளித்ததில் மாவின் பசை அற்றுப்போயிருந்தது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் ஃப்ரிட்ஜில் இருந்தது நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேல் பழசு என்றால் தோசைக்குப் போகட்டும்.

மடிக்கும் கட்டம்தான் எல்லாவற்றிலும் நேரம் தின்பது. எங்கள் வீட்டுச் சமையல் மேடை கருங்கல். கல் என்றால் குளிர்ச்சி என்று நினைப்போம், தொட்டுப் பார்த்தால் அதுவும் அறைச்சூட்டில்தான் இருக்கிறது. பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஐஸ்கட்டிகளைக் கொட்டி மேடைமேல் பத்து நிமிடம் வைத்துவிட்டு, துடைத்து, அந்த இடத்தில் மாவு தூவி உருட்டினேன். 15 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், அப்புறம் கடிதம் மடிப்பதுபோல மூன்றாக. திருப்பி வைத்து இன்னொரு தடவை அதே மாதிரி. இந்த இரண்டு மடிப்பு முடிந்ததும் 40 நிமிடம் ஃப்ரிட்ஜ், அப்புறம் இன்னும் இரண்டு. மொத்தம் நான்கு மடிப்பு, கணக்குப்படி 81 அடுக்கு. இது ஒழுங்காக வெண்ணெய்ப் பாளத்தை உள்ளே பொதிந்து செய்யும் முறை இல்லை என்பதால் அடுக்குகள் கோணல்மாணலாகத்தான் இருக்கும், சாப்பிடுபவருக்கு அது தெரியப்போவதில்லை.

இங்கே ஒரு தெர்மாமீட்டர் உதவியது. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை, 350 ரூபாய். மாவின் நடுவில் குத்தி 14லிருந்து 18 டிகிரி வரை இருக்கும்போது உருட்டினால் வெண்ணெய் வளைந்துகொடுக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உருட்டினால் வெண்ணெய் உடைந்து சில்லுச் சில்லாக மாவைக் கிழிக்கும். 20ஐத் தாண்டினால் ஓரங்களில் மினுமினுவென்று கசிய ஆரம்பிக்கும். கசிவு தெரிந்தால் பிடிவாதம் பிடிக்காமல் உடனே ஃப்ரீசரில் 10 நிமிடம் தள்ளிவிட வேண்டும், முன்பு ஒரு நாள் "இதோ முடிந்துவிட்டது" என்று தொடர்ந்து உருட்டியதில்தான் ட்ரே முழுக்க உருகிய வெண்ணெய் குளமாக நின்றது. சுட்டுக்கொண்டிருந்தேனா பொரித்துக்கொண்டிருந்தேனா என்றே தெரியவில்லை.

இப்போது பழம். நன்றாகப் பழுத்த சேலம் குண்டு மாம்பழத்தை வெட்டி, சர்க்கரை தூவி, பச்சையாகவே உள்ளே வைத்து ஒரு தடவை சுட்டேன். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் சாறு முழுக்க வழிந்து அடியில் கருகி, பஃப் ட்ரேயோடு ஒட்டிக்கொண்டது, அடி மாவு வேகவே இல்லை. பழுத்த மாம்பழம் சூட்டில் கரைந்து கூழாகிவிடுகிறது. கிளிமூக்கு அப்படி இல்லை. பாதி பழுத்த பதத்தில், தோல் லேசாக மஞ்சள் தட்டியதும் வாங்கினால், சதை கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும், வேகவைத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். வெளிநாட்டில் ஆப்பிள் செய்யும் வேலையை நம் ஊரில் இது செய்கிறது என்பேன். முழுதாகப் பழுத்தபின் அதைச் சாறு போட அனுப்பிவிடலாம்.

700 கிராம் மாங்காயில் தோலும் கொட்டையும் போக 450 கிராம் சதை கிடைத்தது. ஒரு சென்டிமீட்டர் துண்டுகள். 70 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அகலமான வாணலியில் மூடாமல் வேகவைத்தேன். அகலம் முக்கியம், நீர் சீக்கிரம் வற்றும், துண்டுகள் மசியாது. வாணலியைத் தராசில் முன்பே எடை போட்டு வைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது 350 கிராமுக்கு வந்ததும் 10 கிராம் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதி வந்து பளபளப்பானதும் ஒரு நிமிடத்தில் இறக்கினேன். புளிப்பான பழத்தில் சோள மாவை வெகுநேரம் கொதிக்கவிட்டால் கெட்டியானது மறுபடி இளகிவிடும், அதனால் அதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். வாசனைக்குச் சுக்குப்பொடி கால் ஸ்பூன், ஏலக்காய் ஒன்று. ஏலக்காய் அதற்குமேல் போனால் கேசரி வாசனை வந்துவிடுகிறது. இதை முந்தின நாள் மாலையே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான பூரணத்தை வைத்தால் அவ்வளவு பாடுபட்டுக் குளிர்வித்த வெண்ணெய் அங்கேயே உருகிவிடும்.

கடைசியாக மாவை 37 செ.மீ. சதுரமாக, 3 மி.மீ. தடிமனுக்கு உருட்டி, நான்கு ஓரத்தையும் அரை சென்டிமீட்டர் வெட்டி எடுத்தேன். மடிப்பின் ஓரம் மூடியிருந்தால் அந்தப் பக்கம் உப்பாது. பீட்சா கட்டரால் 12 செ.மீ. சதுரங்கள், மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றின் நடுவிலும் அரை ஸ்பூன் ரஸ்க் தூள். மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். முந்திரியைப் பொடித்துப் போட்டால் இன்னும் ருசி, விலையை யோசித்தேன். அதன்மேல் பூரணம் 35 கிராம். 45 வைத்துப் பார்த்ததில் எல்லாமே வாய் பிளந்தன. இரண்டு பக்க ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, முள்கரண்டியால் அழுத்தி, மேலே கத்தியால் இரண்டு கீறல். முட்டை மஞ்சள் கருவில் ஒரு ஸ்பூன் பால் கலந்து மேலே மட்டும் தடவினேன். வெட்டிய பக்கவாட்டில் வழிந்தால் அது ஏடுகளை ஒட்டவைத்து உப்பவிடாது. அப்புறம் ட்ரேயோடு ஃப்ரீசரில் 20 நிமிடம்.

அடுப்பு 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேடைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன். இதில் திருகியில் 200 வைத்தால் உள்ளே 175தான் இருக்கிறது என்பதை 400 ரூபாய்க்கு வாங்கிய அடுப்புத் தெர்மாமீட்டர் சொன்னது. அதுவரை என் பஃப்ஸ் எல்லாம் வெளிறிப்போய் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி புளிப்பு: புளிப்பு ஏறிய மாவு சீக்கிரம் சிவக்காது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன், நிறம் வந்தது, ஆனால் நான் விரும்பிய புளிப்பும் காணாமல் போய், வாயில் ஒரு சோப்பு வாடை தங்கியது. விட்டுவிட்டேன். மாவில் உள்ள அந்த 10 கிராம் சர்க்கரையும் மஞ்சள் கருவும் சரியான சூடும் போதும்.

திருகியை 230ல் வைத்து உள்ளே உண்மையாக 200 வந்ததும், அதற்குள்ளேயே சூடேறிக்கொண்டிருந்த இன்னொரு ட்ரேமீது பட்டர் பேப்பரோடு பஃப்ஸை நகர்த்தினேன். சூடான ட்ரே படுவதால் அடி உடனே வேக ஆரம்பிக்கிறது. இரண்டு தட்டில் பிரித்து வைத்ததில் மேல்தட்டு கருகி, கீழ்தட்டு வேகாமல் இருந்தது, எனவே நடுத்தட்டில் ஐந்து, பிறகு நான்கு என்று இரண்டு ஈடு. 200ல் 14 நிமிடம், 180க்குக் குறைத்து இன்னொரு 14 நிமிடம். முதல் 14 நிமிடத்தில் கதவைத் திறக்கவே கூடாது. மேலே சிவந்துவிட்டது என்று எடுத்துவிடாமல் ஒன்றைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். கம்பித் தட்டில் ஆறவைக்காமல் தட்டில் அடுக்கினால் கீழே வேர்த்து நனைந்துவிடும்.

செலவு: வெண்ணெய் 90 ரூபாய், மாங்காய் 35, மைதா 10, முட்டை 7, சர்க்கரையும் சில்லறைச் சாமானும் 8, கரண்ட் ஒன்றரை யூனிட் என்று வைத்து ஒரு 10. மொத்தம் 160, ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 18 ரூபாய். பேக்கரியில் முட்டை பஃப்ஸே 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விடியக்காலத் தூக்கத்துக்கு விலை போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

பேக்கரி அண்ணனுக்கு இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரத்தைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுக்கு வந்திருக்கு. ஆனா ஓரம் தடிமன், அங்க வேகல பாரு" என்றார். உண்மைதான். முக்கோணத்தில் மூன்று முனையிலும் இரண்டு ஏடு சேர்ந்து அழுந்துவதால் அந்த இடம் எழும்பாமல் கிடக்கிறது. அடுத்த முறை மூடாமல் செய்யப்போகிறேன். சதுரத்தின் ஓரத்தைச் சுற்றிக் கத்தியால் பாதி ஆழத்துக்குக் கோடு கீறி, நடுவில் முள்கரண்டியால் குத்தி, பூரணத்தைத் திறந்தபடியே வைத்தால் நான்கு பக்கமும் தாராளமாக எழும்பும், பழத்தின் ஆவியும் வெளியே போகும். பூரணம் 25 கிராம் போதும். வெண்ணெயை 130க்குக் குறைக்கலாமா என்றும் பார்க்க வேண்டும், 110 வரை இறங்கியபோது ஏடு பிரியாமல் வறண்டுபோனது.

மாங்காய் முடிந்தால் அன்னாசி. ஆனால் அதில் தண்ணீர் அதிகம், பாதி எடைக்கு வற்றும்வரை விடாமல் வேகவைக்க வேண்டும். பலாச்சுளைக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, நான்கு பஃப்ஸை முட்டை தடவாமல், சுடாமல் டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் இளகவிடாமல் எடுத்து, முட்டை தடவி அப்படியே உள்ளே தள்ளி 5 நிமிடம் கூடுதலாக வைத்தேன். புதிதாகச் சுட்டதைவிட அவைதான் உயரமாக வந்தன, ஆகவே இனி எல்லாவற்றையும் முந்தின நாளே உறையவைத்துவிடப் போகிறேன். நாலு மணிக்கு எழுந்திருக்கும் வேலை வாரத்தில் ஒரு நாளோடு போய்விடும்.